பிரான்சின் நாட்டுப்புறச் சாலைகளில் நிதானமான கோடைப் பயணம்: தொர்தோஞ், லோத் பள்ளத்தாக்குகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்சில் காரை எடுத்துக்கொண்டு கிளம்ப நினைப்பவர்கள் முதலில் வரைபடத்தை விரித்து, நாடு முழுவதையும் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுகிறார்கள். பாரிசில் தொடங்கி லுவார் நதிக்கரைக் கோட்டைகள், போர்தோ, பிரெனே மலைகள், புரோவான்சின் லாவெண்டர் வயல்கள், ஆல்ப்ஸ் என்று பதினைந்து நாளில் எல்லாவற்றையும் தொட்டுவிடலாம் என்று கணக்கு காட்டும் அந்த வட்டம், நடைமுறையில் தினமும் பெட்டி கட்டுவதிலும் நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் போவதிலும்தான் கரைகிறது. என் முதல் பயணம் அப்படித்தான் போயிற்று. அதன்பின் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரே வட்டாரம், இரண்டே வீடுகள், ஒவ்வொன்றிலும் ஆறு இரவுகள், வீடு மாற்றும் நாட்கள் தவிர மற்ற நாட்களில் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமை. இந்த அளவைக் கடைப்பிடித்தால் பயணம் தானாகவே நிதானமாகிவிடும்.

வட்டாரமாக நான் எடுத்துக்கொள்வது தென்மேற்குப் பிரான்சில் தொர்தோஞ், லோத் என்னும் இரண்டு ஆறுகள் ஓடும் பகுதி. இங்கே பெரிய நகரம் கிடையாது. சுண்ணாம்புக்கல் செங்குத்துகளின் அடியில் தேன் நிறக் கற்களால் கட்டிய ஊர்கள், அக்ரூட் தோப்புகள், வரலாற்றுக்கு முந்தைய ஓவியக் குகைகள், ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிராக நிற்கும் கோட்டைகள் ஆகிய யாவும் ஒன்றுக்கொன்று அரை மணி, முக்கால் மணி தொலைவில் இருக்கின்றன. வண்டியில் செலவழிக்கும் நேரம் குறைவாகவும் இறங்கி நடக்கும் நேரம் அதிகமாகவும் அமைவதற்கு இதைவிடப் பொருத்தமான பகுதியை நான் அறியேன்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

பிரெஞ்சுப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஜூலை தொடக்கத்திலிருந்து ஆகஸ்டு இறுதி வரை நீடிக்கும். நாட்டின் பெரும் பகுதி அந்த எட்டு வாரங்களுக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறது. எனவே விடுமுறைக்குக் கட்டுப்படாதவர்கள் ஜூன் 10 முதல் ஜூலை முதல் வாரம் வரையிலான காலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அப்போது பகல் மிக நீளமானது; இந்தப் பகுதியில் ஜூன் கடைசியில் இரவு ஒன்பதே முக்காலுக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. இரவு உணவுக்குப் பிறகும் ஒரு நடை போகலாம் என்பது பகலில் அவசரப்பட வேண்டிய தேவையையே நீக்கிவிடுகிறது. செப்டம்பரின் முதல் பாதியும் நல்ல காலம்தான், ஆனால் மாலை சீக்கிரம் இருட்டும்.

குழந்தைகளின் பள்ளி விடுமுறையாலோ அலுவலக விடுப்பாலோ ஜூலை, ஆகஸ்டில்தான் போக முடியும் என்றால் சனிக்கிழமைகளைக் கவனியுங்கள். கிராமத்து வாடகை வீடுகள் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை என்ற கணக்கில் கைமாறுவதால், நெடுஞ்சாலைகள் அன்றுதான் நிரம்பி வழிகின்றன. ஜூலை விடுமுறைக்காரர்கள் திரும்ப, ஆகஸ்டு விடுமுறைக்காரர்கள் கிளம்ப, இரு கூட்டமும் ஒரே நாளில் எதிர்ப்படும் வாரக்கடைசி எல்லாவற்றிலும் மோசமானது. பிசோன் ஃபுத்தே என்ற அரசுப் போக்குவரத்து முன்னறிவிப்புச் சேவை 1976 முதல் இயங்குகிறது. ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் குறித்து நாள்காட்டி வெளியிடுகிறது. விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே அந்த நாள்காட்டியைப் பாருங்கள். கறுப்பு நாளில் நெடுஞ்சாலையில் ஏறவே வேண்டாம்.

ஜூலையில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தூர் த ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயம் போகும் வழி அதற்கு முந்தைய அக்டோபரிலேயே வெளியாகிவிடும். பந்தயம் கடக்கும் சாலைகள் பல மணி நேரம் மூடப்படும் என்பதால், உங்கள் பகுதிக்கு அது வருகிறதென்றால் அந்த நாளை ஓரமாக நின்று பந்தயம் பார்ப்பதற்கே ஒதுக்கிவிடுங்கள்.

நாட்களை அடுக்கும் முறை

திங்கள் முதல் திங்கள் வரை பதினான்கு இரவுகள் என்று வைத்துக்கொள்வோம். இந்த அடுக்கு வாரச் சந்தைகளையும் சாலை நெரிசலையும் பார்த்துப் போட்டது.

பாரிசில் விமானம் இறங்கிய அன்றே கார் ஓட்டாதீர்கள். நீண்ட விமானப் பயணத்தின் தூக்கக் கலக்கத்தோடு, பழக்கமில்லாத வலப்பக்கச் சாலையில், பாரிசின் சுற்றுவட்டச் சாலைக்குள் நுழைவது ஆபத்தானது. ஓர் இரவு பாரிசில் தங்கிவிட்டு, திங்களன்று மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் போர்தோவுக்குப் போங்கள். 2017-இல் திறக்கப்பட்ட புதிய பாதையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். காரைப் போர்தோவின் சேன் ழான் நிலையத்தில் எடுத்துக்கொண்டு, அன்று சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சேன் எமிலியோன் வரை மட்டும் ஓட்டினால் போதும். 1999-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த திராட்சைத் தோட்டப் பகுதி அது; அங்கே பாறையைக் குடைந்து கட்டிய தேவாலயம் ஒன்று உண்டு. கை பழகுவதற்கு அந்தச் சிறிய தொலைவு உதவும்.

செவ்வாய்க்கிழமை ஆற்றை ஒட்டியே கிழக்கே பெர்ஜெராக் வழியாகச் சார்லா வட்டாரத்துக்குச் செல்லுங்கள். இடைநிறுத்தங்கள் இல்லாமல் இரண்டரை மணி நேரம். மதிய உணவோடு சேர்த்து நாள் முழுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆறு இரவுகள். அடுத்த திங்களன்று ரோக்கமதூர் வழியாக ஃபிஜாக் வட்டாரத்துக்கு மாறி அங்கும் ஆறு இரவுகள். ஞாயிற்றுக்கிழமை போர்தோ பக்கம் திரும்பி, ஓர் இரவு தங்கி, திங்களன்று காரை ஒப்படைப்பது. சார்லாவின் புதன், சனிச் சந்தைகள் இரண்டும் ஃபிஜாக்கின் சனிச் சந்தையும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. இரண்டு சனிக்கிழமைகளிலும் நீங்கள் நெடுஞ்சாலையில் இருக்கமாட்டீர்கள். நீண்ட ஓட்டம் விழும் ஞாயிறன்று கனரக லாரிகள் நெடுந்தூரம் ஓடத் தடை இருப்பதால் சாலையும் இலகுவாக இருக்கும்.

தங்குமிடம்

இரண்டு வகை இடங்கள் உங்களுக்குப் பொருந்தும். ஷாம்பர் தோத் என்பது, வீட்டுக்காரர் தம் வீட்டிலேயே அறை கொடுத்துக் காலை உணவும் தருவது. சட்டப்படி ஐந்து அறைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. சில வீடுகளில் முன்கூட்டியே சொன்னால் இரவு உணவும் உண்டு, எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடுவார்கள். ஜீத் என்பது சமையலறையோடு தனி வீட்டை வாடகைக்கு எடுப்பது. ஜூன் மாதத்தில் பல ஜீத்துகள் ஆறு இரவுகளுக்கும், வாரத்தின் நடுவிலிருந்தும் ஒப்புக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலானவை சனி முதல் சனி வரை முழு வாரமாகத்தான் கிடைக்கும். அப்படியானால் இரண்டு ஜீத்துகளை அடுத்தடுத்த வாரங்களுக்கு எடுத்துக்கொண்டு, மேற்சொன்ன அடுக்கைச் சனிக்குச் சனி என்று மாற்றிக்கொள்ளுங்கள். சார்லாவுக்கும் ஃபிஜாக்குக்கும் இடையிலான பயணம் முழுவதும் சிறு சாலைகளிலேயே போய்விடும் என்பதால், சனிக்கிழமை நெரிசல் உங்களை அவ்வளவாகத் தொடாது.

குடும்பமாகப் போகிறவர்களுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் ஜீத்தே என் தேர்வு. பாரிசில் தங்கும் அந்த ஓர் இரவில், காரே து நோர் நிலையத்துக்குப் பக்கத்து லா ஷபேல் பகுதியிலுள்ள ஈழத் தமிழர் கடைகளில் அரிசி, பருப்பு, புளி, பொடிகளை வாங்கி எடுத்துக்கொண்டால், ஆறு இரவில் இரண்டு மூன்று வேளை வீட்டுச் சோறு உறுதி.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அது ஊருக்குள் இருக்கிறதா, ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். படத்தில் அழகாகத் தெரியும் தனிப் பண்ணை வீட்டிலிருந்து ரொட்டி வாங்கவே தினமும் காரை எடுக்க வேண்டியிருக்கும். நடந்துபோகும் தொலைவில் ஒரு ரொட்டிக் கடை இருக்கும் ஊர் உங்கள் காலைப் பொழுதையே மாற்றிவிடும். பழைய கல் வீடுகளில் ஏ.சி. அபூர்வம். கனத்த சுவரும் மரக் கதவடைப்புகளும்தான் அங்கே குளிர்ச்சி. உள்ளூர்க்காரர்கள் செய்வதைப் போல, வெயில் ஏறும் முன் சன்னல் கதவடைப்புகளைச் சாத்திவிட்டு இரவில் திறந்துவையுங்கள்.

ஆவணங்களும் காரும்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு வேண்டும். கோடையில் நேர்காணல் நேரம் கிடைப்பது கடினம், பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்குங்கள். ஓட்டுநர் உரிமத்தோடு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கிடைக்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் பெற்றுக்கொள்ளுங்கள். அது ஓராண்டு செல்லும். அசல் உரிமம் இல்லாமல் பன்னாட்டு அனுமதி மட்டும் இருந்து பயனில்லை.

வாடகைக் கார் பதிவில் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். பிரான்சில் கையால் கியர் மாற்றும் கார்கள் மிகுதி. வலப்பக்கச் சாலைக்கு மனத்தைப் பழக்கும்போது வலக்கையால் கியர் மாற்றுவதும் சேர்ந்தால் சுமை கூடும், ஆகவே ஆட்டோமேட்டிக் வேண்டுமென்று முன்பே கேட்டுப் பதிவு செய்யுங்கள். முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். முன்வைப்புத் தொகையை அதில்தான் பிடித்துவைப்பார்கள். விபத்து நேர்ந்தால் உங்கள் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் படித்து, அதைக் குறைக்கும் காப்பீட்டை வாடகை முகப்பில் வாங்குவதா வெளியே தனியாக வாங்குவதா என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். கடைசியாக, சிறிய காராக எடுங்கள். இந்த ஊர்களின் சந்துகள் வண்டிகள் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் போட்டவை.

காரைப் பெற்றவுடன் நான்கு பக்கமும் சக்கரங்களும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிரும் மேலங்கியும் எச்சரிக்கை முக்கோணமும் காரில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். மேலங்கி டிக்கியில் அல்ல, இருக்கையிலிருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சாலையின் இலக்கணம்

வலப்பக்கமாக ஓட்டுவது நீங்கள் அஞ்சும் அளவுக்குக் கடினமானதல்ல, ஏனெனில் எதிரே வரும் வண்டிகள் உங்களை வழிநடத்திக்கொண்டே இருக்கும். தவறு நேர்வது ஆளில்லாத சாலையில்தான். காலையில் வீட்டு முற்றத்திலிருந்து காரை எடுக்கும்போது, பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியேறும்போது, எதிரே யாருமில்லாத கிராமச் சந்தியில் இடப்பக்கம் திரும்பியதும் பழைய பழக்கம் தலைதூக்கும். ஓட்டுநரின் உடல் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னிருக்கையில் இருப்பவர் ஒவ்வொரு முறை வண்டி கிளம்பும்போதும் "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்வதும் நல்ல வழக்கம்.

வேக வரம்பு சுங்க நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டர், மழை பெய்தால் 110. நடுத்தடுப்புள்ள இருவழிச் சாலையில் 110. நீங்கள் அதிகம் ஓட்டப்போகும் நாட்டுப்புறச் சாலையில் 2018 முதல் 80, சில மாவட்டங்கள் மட்டும் சில சாலைகளில் 90-க்குத் திரும்பியிருக்கின்றன. ஊருக்குள் 50. ஊர் எங்கே தொடங்குகிறது என்பதற்குத் தனி வேகப் பலகை பெரும்பாலும் இருக்காது. ஊர்ப் பெயர் எழுதிய பலகையைக் கடந்ததுமே 50 என்று பொருள். அதே பெயர் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தால் ஊர் முடிந்தது. வேகக் கேமராவில் சிக்கினால் அபராதத்தோடு வாடகை நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணமும் தேடி வரும்.

வெளிநாட்டவர் அதிகம் தடுமாறுவது பிரியோரித்தே அ துருவாத் என்னும் வலப்பக்க முன்னுரிமையில். பலகையோ கோடோ வேறுவிதமாகச் சொல்லாத சந்திகளில், வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு நீங்கள் வழிவிட வேண்டும். அது எவ்வளவு சிறிய சந்திலிருந்து வந்தாலும் சரி. நீங்கள் போகும் சாலைக்கு முன்னுரிமை உண்டு என்பதை வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் சாய்சதுரப் பலகை காட்டும். அதே பலகையின் குறுக்கே கறுப்புக் கோடு வந்தால் அந்த முன்னுரிமை அங்கே முடிகிறது, இனி வலப்பக்கம் பார்த்துப் போங்கள் என்பது செய்தி. பழைய ஊர்களின் நடுவே இது அடிக்கடி வரும். ரவுண்டானாவில் இதற்கு மாறாக, உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கே முன்னுரிமை. அவர்கள் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வருவார்கள். வழி உறுதியாகத் தெரியவில்லையென்றால் ரவுண்டானாவை இன்னொரு முறை சுற்றுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

சில சொற்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். தூத் திரெக்ஸியோன் என்றால் எல்லா ஊர்களுக்கும் அந்த வழி, தெவியாஸியோன் மாற்றுப்பாதை, ரூத் பாரே சாலை மூடப்பட்டுள்ளது, சோஃப் ரிவெரேன் என்றால் அத்தெருவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் அனுமதி. ஜி.பி.எஸ். இந்தக் கடைசிப் பலகையை மதிப்பதில்லை, நீங்கள் மதியுங்கள்.

ஜி.பி.எஸ்.ஐ முழுமையாக நம்பாமல் இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. அது எப்போதும் விரைவான வழியையே தேடும். நெடுஞ்சாலை வேண்டாமென்று அமைத்தால், ஒரு டிராக்டர் எதிரே வந்தால் பின்வாங்க வேண்டிய வயல் பாதையில் கொண்டுபோய் விடும். மிஷ்லேன் அச்சு வரைபடத்தில் காட்சி அழகுள்ள சாலைகளின் ஓரத்தில் பச்சைக் கோடு போட்டிருக்கும். முந்தைய இரவு அதை விரித்து, பச்சைக் கோட்டில் வரும் இரண்டு மூன்று ஊர்ப் பெயர்களை ஜி.பி.எஸ்.ஸில் இடைநிறுத்தங்களாகக் கொடுத்துவிடுங்கள். நேரத்தைக் கணக்கிடும்போது நாட்டுப்புறச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாயும் வேளையில் மான்களும் காட்டுப்பன்றிகளும் சாலையைக் கடக்கும் என்பதால் அப்போது இன்னும் மெதுவாக.

மதுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் வழியெங்கும் திராட்சைத் தோட்டங்கள் சுவைத்துப் பார்க்க அழைக்கும். சட்ட வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம். ஓட்டுகிறவர் அன்று குடிக்காமல் இருப்பதே நேரான வழி. பிடித்த புட்டியை வாங்கி மாலையில் வீட்டில் திறக்கலாம். கைபேசியைக் கையில் பிடிப்பது மட்டுமல்ல, ஓட்டும்போது காதில் இயர்போன் மாட்டுவதும் 2015 முதல் குற்றம். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பின்னிருக்கையில், அவர்களுக்குரிய இருக்கையில்தான் அமர வேண்டும்.

எரிபொருள், சுங்கம், வண்டி நிறுத்தம்

கசோல் என்று பம்பில் எழுதியிருப்பது டீசல். அதைப் பெட்ரோல் என்று எண்ணி நிரப்பி எஞ்சினைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பெட்ரோலின் அடையாளம் வட்டத்துக்குள், டீசலின் அடையாளம் சதுரத்துக்குள் எழுதப்பட்டிருக்கும்; எரிபொருள் மூடியின் உட்பக்கத்திலும் அதே அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள். ஊர் எல்லையிலுள்ள சூப்பர் மார்க்கெட் பம்புகளில் விலை குறைவு. ஞாயிறன்று ஆளில்லாமல் அட்டையில் மட்டும் இயங்கும் பம்புகள் வெளிநாட்டு அட்டையை மறுக்கக்கூடும், ஆகவே பாதி டேங்குக்குக் கீழே போகும் முன் வார நாளிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணத்தில் சுங்கம் கட்டுவது பெரும்பாலும் திரும்பும் ஞாயிறன்று மட்டுமே. சுங்கச் சாவடியில் பச்சை அம்புக்குறி உள்ள தடத்தில் செல்லுங்கள். ஆரஞ்சு நிறத்தில் "t" எழுத்து மட்டும் உள்ள தடம் மின்னணு வில்லை வைத்திருப்பவர்களுக்கானது.

புகழ்பெற்ற கிராமங்களுக்குள் வண்டி போகாது. ஊருக்கு வெளியே கட்டண நிறுத்தம் இருக்கும். சந்தை நாளுக்கு முந்தைய இரவு சதுக்கத்தில் வண்டியை விட்டால் காலையில் இழுத்துப் போய்விடுவார்கள் என்பதால், அங்குள்ள பலகையில் சந்தைக் கிழமை குறித்திருக்கிறதா என்று படியுங்கள். பெட்டிகளைக் கண்ணில் படும்படி விட்டுச் செல்லாதீர்கள்.

ஊரின் கடிகாரத்தோடு ஒத்துப்போவது

நிதானம் குலைவது பெரும்பாலும் சாப்பாட்டு வேளையில்தான். நாட்டுப்புறப் பிரான்சில் மதிய உணவு பன்னிரண்டு முதல் இரண்டு வரை. ஒன்றே முக்காலுக்குப் போய் நின்றால் சமையலறை மூடிவிட்டது என்பார்கள். அந்த இரண்டு மணி நேரமும் சிறு கடைகள், தபால் அலுவலகம் எல்லாம் சாத்தியிருக்கும். இரவு உணவு ஏழு, ஏழரைக்கு முன் கிடைக்காது. ஞாயிறு பிற்பகலில் கடைகள் மூடும். திங்களன்று பல உணவகங்களும் ரொட்டிக் கடைகளும் விடுமுறை. வீடு மாறும் திங்களுக்கான இரவு உணவுப் பொருளை ஞாயிறு காலைச் சந்தையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சார்லாவுக்கு அருகே சேன் சிப்ரியேனில் ஞாயிறு காலை நல்ல சந்தை கூடும்.

இதிலிருந்து ஒரு நாளின் வடிவம் தானாக வருகிறது. காலை ஒன்பதுக்குக் கிளம்பி, கூட்டமும் வெயிலும் வரும் முன் பார்க்க வேண்டியதைப் பாருங்கள். பன்னிரண்டரைக்குள் உணவகத்தில் அமருங்கள். மதியத்தின் அன்றாடத் தொகுப்பு உணவு இரவு விலையைவிடக் குறைவு, குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் இலவசம். மூன்று மணிக்கு வீடு திரும்பி வெயில் தாழும் வரை ஓய்வெடுங்கள், அல்லது ஆற்றில் இறங்குங்கள். ஆறரைக்கு மேல் மீண்டும் ஒரு சிறிய சுற்று. பிற்பகல்களுக்கு எந்த முன்பதிவும் வைக்காதீர்கள்.

கடையில் நுழைந்ததும் எதையும் கேட்கும் முன் "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லுங்கள். அது அலங்காரம் அல்ல. சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு.

சைவ உணவுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தப் பகுதியின் சமையல் கொழுப்பு வாத்துக் கொழுப்பு. சார்லாவின் பெயர் பெற்ற உருளைக்கிழங்கு வறுவல் பார்வைக்குச் சைவமாகத் தெரிந்தாலும் வாத்துக் கொழுப்பில் பொரிக்கப்படுவது. சாலடுகளில் பன்றி இறைச்சித் துண்டுகள் தூவியிருப்பார்கள். இறைச்சி, மீன், வாத்துக் கொழுப்பு வேண்டாம் என்று பிரெஞ்சில் எழுதிய ஒரு சிறு தாளைக் காட்டுவது எளிது. வெதுவெதுப்பான ஆட்டுப் பாலாடைக்கட்டி சாலட், காட்டுக் காளான் ஆம்லெட், அருகிலுள்ள ஓப்ராக் மேட்டு நிலத்திலிருந்து வந்த அலிகோ என்னும் உருளைக்கிழங்கு மசியல் ஆகியவை கிடைக்கும். மரபுவழிப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்வதால், அதையும் தவிர்ப்பவர்கள் கேட்டு வாங்க வேண்டும். சந்தையில் பெரிகோர் ஸ்ட்ராபெரி, கெர்சி முலாம்பழம், அக்ரூட் ரொட்டி இவற்றுக்குக் கையில் சில்லறை வைத்திருங்கள்.

முதல் வீடு: சார்லா வட்டாரம்

ஓவியக் குகைகளுக்கு மட்டும் முன்கூட்டியே நேரம் பதிவு செய்யுங்கள். மோந்தீஞாக் அருகே 1940 செப்டம்பரில் சிறுவர்கள் கண்டுபிடித்த லாஸ்கோ குகை, பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963-இல் மூடப்பட்டது. 2016 டிசம்பரில் திறந்த லாஸ்கோ நான்கு என்னும் காட்சியகத்தில் நீங்கள் பார்ப்பது முழு அளவு நகல். அசல் ஓவியத்தின் முன் நிற்க வேண்டுமானால் லெ ஸேசி ஊரிலுள்ள ஃபோன் த கோம் குகையில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் உள்ளே விடுகிறார்கள். சீட்டு கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றுங்கள். நகலையும் அசலையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம்.

இன்னொரு நாள் ஆற்றுக்கு. வாடகைப் படகில் சேனாக்கிலிருந்து பேனாக் வரை நீரோட்டத்தோடு இரண்டு மணி நேரம் துடுப்பு போட்டால், லா ரோக் கஜாக்கின் செங்குத்துப் பாறையும், நூறாண்டுப் போரில் பிரெஞ்சுத் தரப்பில் நின்ற பேனாக் கோட்டையும் எதிர்க்கரையில் ஆங்கிலேயர் வசமிருந்த காஸ்தெல்னோவும் நீரிலிருந்தே தெரியும். சாலையிலிருந்து பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். படகுக்காரர்களே உங்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். 1281-இல் நிறுவப்பட்ட தோம் என்னும் மதில் சூழ்ந்த ஊரின் மேட்டிலிருந்து ஆற்றின் வளைவை மாலையில் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டு வியாழக்கிழமை இரவுகளில் மார்க்கேசாக் தோட்டத்தில் மெழுகுவத்திகள் ஏற்றுவார்கள். மற்ற நாட்களைச் சார்லா சந்தைக்கும் வெறுமனே இருப்பதற்கும் விடுங்கள்.

இரண்டாம் வீடு: ஃபிஜாக் வட்டாரம்

மாறும் நாளில் நடுவழியில் ரோக்கமதூர். பாறைச் சுவரில் அடுக்கடுக்காக ஒட்டிய இந்த யாத்திரைத் தலத்தில் 216 படிகள் ஏறினால் கறுப்பு மாதாவின் சிற்றாலயம். வெயில் நாளுக்கு அருகிலேயே பதிராக் பாதாளம் உண்டு. நூறு மீட்டருக்கு மேல் கீழே நிலத்தடி ஆற்றில் படகு, உள்ளே எப்போதும் 13 டிகிரி, ஸ்வெட்டர் வேண்டும். இதற்கும் முன்பதிவு தேவை.

ஃபிஜாக் எனக்கு மிகவும் பிடித்த ஊர். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய ஷம்போலியோன் 1790-இல் பிறந்த இடம் இது. அதைப் படிக்க அவருக்குத் திறவுகோலாக இருந்த ரொசெட்டா கல்லைப் பெரிதாக்கிக் கருங்கல்லில் செதுக்கி ஒரு முற்றம் முழுவதற்கும் தரையாகப் பரப்பியிருக்கிறார்கள். எழுத்துகளின் மேலேயே நடக்கலாம். பக்கத்து அருங்காட்சியகம் உலகின் எழுத்துமுறைகள் பற்றியது. கல்வெட்டில் ஆர்வமுள்ள எவரும் அரை நாளை இங்கே ஒதுக்கத் தயங்கமாட்டார்கள்.

இங்கிருந்து செலே ஆற்றை ஒட்டிய சிறு சாலை, முழுப் பயணத்திலும் நான் மிகவும் பரிந்துரைக்கும் ஓட்டம். அதன் முடிவில் 1922-இல் கண்டறியப்பட்ட பெஷ் மேர்ல் குகை. புள்ளியிட்ட குதிரைகளும், பாறையில் கை வைத்து வண்ணம் ஊதிப் பதித்த மனிதக் கையின் அச்சும் அங்கே அசலாகவே காட்டப்படுகின்றன. அப்பால் லோத் ஆற்றின் மேல் தொங்குவது போன்ற சேன் சிர் லபோபி. நண்பகலில் அங்கே கூட்டம் தாங்காது, மாலை ஆறுக்கு மேல் போங்கள். வேறொரு நாள் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள கோன்க்: இறுதித் தீர்ப்பைக் காட்டும் தேவாலய வாயில் சிற்பத்தில் 124 உருவங்கள், உள்ளே ஓவியர் சூலாழ் அமைத்து 1994-இல் திறந்த 104 கண்ணாடிச் சாளரங்கள், வண்ணமில்லாமல் ஒளியை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவை. கந்தால் எரிமலைகளுக்கும் ஒரு நாள் போய்வரலாம் என்று தோன்றும். போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்பதால் இம்முறை விட்டுவிடுங்கள்.

திரும்பும் ஞாயிறு

இதுவே நீண்ட ஓட்டம், இடைநிறுத்தம் நீங்கலாக நான்கு மணி நேரம். காலையில் வடக்கே கொலோன்ஜ் லா ரூஜ் வரை சிறு சாலையில் வாருங்கள். செந்நிற மணற்கல்லால் ஆன அந்த ஊரின் மேயர் ஷார்ல் செராக்தான் 1982-இல் "பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்" என்ற சங்கத்தைத் தொடங்கினார். 2,000 பேருக்கு மேற்படாத ஊர்களையே அது சேர்த்துக்கொள்கிறது. அங்கே மதிய உணவை முடித்துக்கொண்டு, பிரீவ் அருகே சுங்க நெடுஞ்சாலையில் ஏறினால் போர்தோ வரை நேர்வழி. நெடுஞ்சாலையில் வண்டி பழுதானால் நீங்களாக இழுவை வண்டியை அழைக்க முடியாது. மேலங்கியை அணிந்து, எல்லோரும் தடுப்புக்கு அப்பால் நின்று, ஆரஞ்சு நிற அவசரத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். வேறெந்த அவசரத்துக்கும் 112.

அன்றிரவு போர்தோவுக்கு வெளியே தங்குங்கள். வாடகை அலுவலகங்கள் ஞாயிறன்று மூடியிருக்கக்கூடும் என்பதால்தான் திங்கள் காலை ஒப்படைப்பு. நிலையத்தை அடையும் முன் ஒரு சூப்பர் மார்க்கெட் பம்பில் டேங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தபோது போலவே நான்கு பக்கமும் மறுபடி படம் எடுத்து, ஊழியர் முன்னிலையில் காரைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். பாரிஸ் ரயிலுக்கு இரண்டு மணி நேர இடைவெளி விட்டுச் சீட்டு எடுத்திருந்தால், நிலையத்தின் எதிரே ஒரு காப்பி குடிக்கவும் நேரம் இருக்கும்.